நாற்பத்து மூன்றாவது சீட்டு

டாக்டர் சந்தனம்மாளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று அருப்புக்கோட்டையில் சொல்லாதவர்கள் இல்லை. அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் மருத்துவம் படித்தவர்கள். மீதிப்பேர் அவரிடம் வைத்தியம் பார்க்கப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் உண்மை தெரியாது. அந்த அம்மாள் இருபத்தெட்டு வருஷமாகப் பயத்தோடு சாப்பிட்டு, பயத்தோடு படுத்து, பயத்தோடு எழுந்தவர். தான் வீட்டுக்கு அனுப்பிவைத்த யாரோ ஒரு நோயாளி தன் கவனக்குறைவால் செத்துப்போவார் என்பதுதான் அந்தப் பயம். வெளியே கேட்டதெல்லாம் அதட்டல் மட்டும்.

நரிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவர் சந்தனம்மாள். அப்பா ஐயாத்துரை கம்பும் குதிரைவாலியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சம்சாரி. மகள் மதுரையில் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்லும்போது மட்டும் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். படிப்பை முடித்த மகளுக்கு முதல் வேலை திருச்சுழிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்தது. அப்போது வயது இருபத்தைந்து. புதுக் கோட்டு, புது ஸ்டெதஸ்கோப்பு, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

அந்த நினைப்பை மாரீஸ்வரன் என்ற ஆள் கொண்டுபோய்விட்டான். சீமைக் கருவேலங்கட்டையை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. காய்ச்சல் என்று வந்தான். டைபாய்டு என்று முடிவுகட்டி அதற்கான மருந்தைக் கொடுத்தார் சந்தனம்மாள். ஒன்பது நாள் கொடுத்தார். பத்தாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோகிற வேனிலேயே அவன் கண்ணை மூடிவிட்டான்.

துக்கத்துக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பல தடவை நினைத்ததுண்டு. குளிப்பாட்டக் கிடத்தியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளையின் அரைஞாண் கயிற்றை உயிரோடு இருக்கும்வரை யாரும் அறுக்கமாட்டார்கள். பிணமான பிறகுதான் அறுப்பார்கள். மாரீஸ்வரனின் சித்தப்பா கத்தியை விட்டுக் கயிற்றை அறுத்தார். கயிறு கிடந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. பீடி நெருப்புப் பட்டிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். சந்தனம்மாளும் அப்படித்தான் நினைத்தார்.

ஐந்து வருஷம் கழித்து, மேல்படிப்புப் படிக்கும்போது, ஒரு மருத்துவக் கூட்டத்தில் திரையில் ஒரு படம் காட்டினார்கள். அதே பொருக்கு. அதே கறுப்பு. புதருக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்த இடம் என்றார் பேசியவர். உண்ணிக் காய்ச்சல் என்று பேர். உடுப்பு இறுக்குகிற இடமாகப் பார்த்துக் கடிக்கும். கண்டுபிடித்துவிட்டால் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற சாதாரண மாத்திரையே போதும், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கண்டுபிடிக்காவிட்டால் நுரையீரலில் நீர் கோத்து ஆளை முடித்துவிடும். சந்தனம்மாள் எழுந்து வெளியே போய், கழிவறையில் வாந்தி எடுத்தார். அன்றைக்குப் பிடித்த பயம் இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் பேராசிரியர் ஆனது, அவர் பேரைச் சொன்னால் மற்ற ஊர் டாக்டர்களும் எழுந்து நிற்பது எல்லாமே அந்தப் பயத்தால் வந்தவைதான். மருத்துவக் கல்லூரி வார்டில் மாணவர்களைச் சுற்றி நிறுத்தி, காய்ச்சல்காரர் ஒவ்வொருவரின் அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் என்று ஓர் இடம் விடாமல் பார்க்கவைப்பார். "கயித்த வெலக்கிப் பாத்தியா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்று சொன்னவன் அன்றைக்கு முழுக்க வார்டுக்கு வெளியே நிற்க வேண்டும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற டாக்டர்கள்கூட அப்படி நின்றிருக்கிறார்கள். யாராவது இறந்துபோனால் மறுநாள் கூட்டம் போட்டு, "விட்டது யாரு?" என்று கேட்பார். சும்மா கேட்கமாட்டார். பதில் வரும்வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஆளைப் பார்க்காமல் மருந்து கிடையாது. அம்மாவுக்குத் தலைசுற்றல் என்று மகன் வந்து மாத்திரை வாங்கிப்போய், வீட்டிலிருந்த அம்மா மூளையில் ரத்தக் கசிவோடு கிடந்து செத்த கதையெல்லாம் அவருக்குத் தெரியும். திருச்சுழியில் இரண்டு அறை பிடித்து, பத்தொன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் சொந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்துவருகிறார். அந்தக் கிளினிக் சுவரில் பெரிய எழுத்தில் பலகையே மாட்டிவைத்தார்: 'நோயாளியை நேரில் பார்க்காமல் மருந்து தரப்படாது.' படிக்கத் தெரியாதவர்களுக்கு நர்ஸ் சரஸ்வதி அதைச் சத்தம் போட்டுச் சொல்லிவிடுவாள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வரலாம். இந்த மாசி மாதம் முதல் வாரம். நல்ல கூட்டம். அட்டையில் எண் போட்டுச் சரஸ்வதி கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்றாவது சீட்டோடு வந்தவர் இருளப்பசாமி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் துண்டு, காலெல்லாம் முள் கிழித்த கோடு, உடம்பில் ஆட்டு வாடை. உட்காருவதற்கு முன்பே ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அஞ்சாறு நாளாக் காச்ச தாயி. மண்ட பொளக்குது. ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்புல இருக்கு. நேத்துல இருந்து மூச்சும் வாங்குது."

சந்தனம்மாள் காய்ச்சல் பார்த்தார். இல்லை. நாடி பார்த்தார். நிதானமாக ஓடியது.

"இப்பக் காச்சல் இல்லையேய்யா?"

"மாத்திர ஒண்ணு போட்டுட்டு வந்தேன் தாயி."

"அப்படிப் படுங்க. வேட்டியத் தளத்துங்க, பாக்கணும்."

இருளப்பசாமி வேட்டி முடிச்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அங்கன ஒண்ணுமில்ல தாயி. வேணாம் தாயி."

சந்தனம்மாள் அதட்ட வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கூக்குரல் கேட்டது. வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பமே உள்ளே ஓடிவந்தது. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றி, ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவதற்கு அரைமணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது இருளப்பசாமி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். காய்ச்சல் மாத்திரை எழுதி, திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டரை மணிக்கு அருப்புக்கோட்டை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். கணவர் சௌந்தரபாண்டியன் டவுனில் நூல் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு என்பதால் அவர்தான் பரிமாறினார். சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்த சந்தனம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன, உப்புக் கூடிருச்சா?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"நான் கயித்த வெலக்கிப் பாக்கலங்க."

"எந்தக் கயித்த?"

காலையில் வந்த ஆள் அவர் கண் முன்னால் நின்றார். ஆட்டுக்காரர். முள்ளுக்காட்டில் புரளுகிற ஆள். ஆறு நாள் காய்ச்சல். நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது. மாத்திரையால் காய்ச்சல் இறங்கியிருக்கும், நாடியும் இறங்கியிருக்கும், நான் ஏமாந்துவிட்டேன். கட்டின முடிச்சை அந்த மனுஷன் அப்படி ஏன் இறுக்கிப் பிடிக்க வேண்டும்? வலித்திருக்குமோ? ஒரு மாணவன் இப்படி விட்டிருந்தால் என்ன பாடு படுத்தியிருப்பேன்! கையைக் கழுவிக்கொண்டு சரஸ்வதிக்குப் போன் போட்டார்.

நோட்டில் பேர் இருந்தது, வயது இருந்தது, ஊர் என்ற இடத்தில் நரிக்குடி என்று இருந்தது. நரிக்குடி என்றால் எந்த நரிக்குடி? சுற்றிலும் இருக்கிற அத்தனை கிராமத்துக்காரர்களும் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். போன் எண் ஒன்று இருந்தது. கூப்பிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனி இரைச்சலுக்கு நடுவில் ஒருவர் பேசினார். இருளப்பசாமியின் மகன்.

"அப்பா கிடை போட்டிருக்காகம்மா. எங்கன்னு கேட்டா என்ன சொல்றது? ரெண்டு நாளைக்கு ஒரு வயலு. அவுக போனு சார்ஜ் இல்லாமக் கெடக்கும். ஏம்மா, அப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லய்யா. ஒரு மாத்திரை விட்டுப்போச்சு, அதான்" என்றார் சந்தனம்மாள். நோயாளியின் வீட்டாரிடம் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காக ஆட்டை அடைப்பதைத்தான் கிடை போடுவது என்பார்கள். ஆடு எங்கே படுக்கிறதோ அதுதான் அந்த ஆட்களுக்கும் வீடு. இன்றைக்கு ஒருவர் வயல், நாளை மறுநாள் வேறொருவர் வயல். அவர்களுக்கு நிலையான விலாசம் கிடையாது, தபால்காரனுக்கும் வேலை கிடையாது. நரிக்குடி வட்டாரம் முழுக்கக் கண்மாய்ப் பாசன நெல் அறுத்துத் தாளாகக் கிடக்கிற காலம். இதில் ஒரு மனுஷனை எங்கே போய்த் தேடுவது?

டிரைவர் மாரிக்கண்ணனை வரச்சொல்லி, மாத்திரைப் பெட்டியையும் பரிசோதனைப் பையையும் எடுத்துக்கொண்டு மூன்றே காலுக்குக் கிளம்பினார். "நாளைக்குக் காலைல போனா ஆகாதா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்த சௌந்தரபாண்டியன், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் காரின் கதவைத் திறந்துவிட்டார்.

திருச்சுழியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கருவேலங்காடு. இடையிடையே வறண்ட கண்மாய்கள். எங்கேயாவது வெள்ளையாக அசைந்தால், "நிறுத்து" என்பார். இறங்கி ஓடுவார். ஐம்பத்தெட்டு வயது அம்மாள் வரப்பில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவதை ஆட்டுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். முதல் கிடையில் இருளப்பசாமி என்று யாருமில்லை. இரண்டாவது கிடையில் ஓர் இருளப்பசாமி இருந்தார்; அவருக்கு வயது இருபது. மூன்றாவது இடத்தில் கிடை கிளம்பிப்போய்ப் புழுக்கை மட்டும் கிடந்தது.

"அம்மா, தண்ணி குடிங்க. மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு" என்றான் மாரிக்கண்ணன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு."

மனதுக்குள் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாரீஸ்வரன் பத்தாம் நாள் போனான். ஆனால் இந்த ஆளுக்கு ஆறாம் நாளே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அப்படியானால் பத்து வரைக்கும் தாங்காது. இன்றைக்கு ராத்திரி வயலில் துண்டை விரித்துப் படுப்பார். காலையில் ஆடு மட்டும் எழுந்திருக்கும். பக்கத்தில் கிடப்பவரை எழுப்ப யார் இருப்பார்கள்? எல்லா மாத்திரையும் மடியில் இருந்தது. அதை விழுங்க வேண்டிய வாய் எங்கே என்றுதான் தெரியவில்லை.

வழி காட்டியவர் கடைசியில் வீரசோழனில் ஓர் ஆட்டு வியாபாரி. டீக்கடையில் விசாரித்தபோது, "கிடைக்காரவுகளப் பத்தி அந்த பாயக் கேளுங்க, ஆட்டோட மூஞ்சியப் பாத்தே ஆளச் சொல்லுவாக" என்று கைகாட்டினார்கள். பாய் இரண்டே கேள்விதான் கேட்டார். தலையில் நீலத் துண்டா? பேசும்போது கீழே பார்த்துப் பேசுவாரா? ஆமாம் என்றதும் தன் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்.

"நேத்துவர எங்க கண்மாய்க்கு மேல கெடந்தாக. இன்னிக்கு விடியுமுன்னயே தெக்க பத்தியாச்சு. பின்னாலயே வாங்கம்மா."

மொபெட்டின் புழுதிக்குப் பின்னால் கார் போனது. சூரியன் மேற்கே இறங்க ஆரம்பித்திருந்தது. நாலு கிலோமீட்டர் தாண்டி, ஒரு கண்மாய்க் கரைக்குக் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட செம்மறிகள் நின்றன. பட்டி வளைக்கக் கம்பு நட்டுக்கொண்டிருந்த இருளப்பசாமி, காரிலிருந்து இறங்குவது யார் என்று பார்த்தார். பார்த்ததும் கம்பைப் போட்டுவிட்டு ஆட்டுக்கூட்டத்துக்குள் போய்க் குனிந்துகொண்டார். ஆட்டுக்குள் ஆள் ஒளிய முடியுமா? நீலத் துண்டு மட்டும் மேலே தெரிந்தது.

"ஏய்யா, எந்திரிச்சு வாங்க. நான் ஒங்களப் பிடிச்சுத் திங்க வரல" என்றார் சந்தனம்மாள். மூச்சிரைத்தது.

இருளப்பசாமி வந்தார். இந்தத் தடவை சந்தனம்மாள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மாரிக்கண்ணனையும் பாயையும் திரும்பி நிற்கச்சொல்லிவிட்டு, வேட்டியைத் தளர்த்தவைத்து, அரைஞாண் கயிற்றை விலக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. தொடையிடுக்கு, அக்குள், கழுத்து, காதுக்குப் பின்னால், தலைமயிருக்குள் எல்லாம் பார்த்தார். ஒன்றுமே இல்லை. காய்ச்சல் இல்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நுரையீரல் சுத்தமாகக் கேட்டது. கல்லுக்குண்டு மாதிரி இருந்தார் மனுஷன்.

சந்தனம்மாள் வரப்பில் உட்கார்ந்து சிரித்தேவிட்டார். போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு. "மூச்சு வாங்குதுன்னு சொன்னீகளேய்யா. நான் எப்படித் தவிச்சுப்போனேன் தெரியுமா? குடுத்த மாத்திரையப் போட்டீகளா?"

இருளப்பசாமி தரையைப் பார்த்தார்.

"போட்டீகளா இல்லையா?"

"அவளுக்குக் குடுத்துட்டேன் தாயி."

"எவளுக்கு?"

அவர் கையைத்தான் நீட்டினார். ஆட்டுக்குட்டிகளை அடைக்கிற கவிழ்த்த கூடைக்குப் பக்கத்தில், தார்ப்பாய் நிழலில், ஒரு சேலை மூட்டை கிடந்தது. மூட்டை என்றுதான் சந்தனம்மாள் அதுவரை நினைத்திருந்தார். கிட்டே போனால் அது ஒச்சம்மாள், இருளப்பசாமியின் மனைவி. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கூப்பிட்டதற்குக் கண்ணைப் பாதி திறந்து, யாரோ என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நிமிஷத்துக்கு நாற்பது மூச்சு. விரலில் கருவியை மாட்டினால் எண்பத்திரண்டு காட்டியது. நல்ல உடம்பில் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். பாவாடை நாடா இறுக்குகிற இடத்தை விலக்கினார் சந்தனம்மாள். இடுப்பு மடிப்பில் இருந்தது, கறுப்பாக, புளியங்கொட்டை அளவுக்கு.

"எத்தன நாளாக் காச்சல்?"

"எட்டு நாளாச்சு தாயி. அஞ்சாறுன்னு கொறச்சுச் சொன்னேன். இத்தன நாளா என்ன செஞ்சேன்னு வைவீகன்னு."

"இவளுக்குத்தான்னு காலைல ஏன்யா சொல்லல?"

இருளப்பசாமி அழ ஆரம்பித்தார். "ஆள நேர்ல கொண்டாந்தாத்தான் மருந்துன்னு அந்த நர்சம்மா சத்தம் போட்டாகள்ல. இவளுக்கு எந்திரிக்க ஏலல. ரெண்டு பேரும் வந்துட்டா ஆட்ட யாரு பாக்க? வயக்காரரு ஒரு நேரந்தான் பாத்துக்கிறேன்னாரு. பாதி ஆடு ஊரார் ஆடு. அதான் அவ நோவ என் நோவுன்னு சொன்னேன். அவ சொன்னத அப்படியே மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்தேன். வேட்டிய அவுக்கச் சொன்னீகளா, ஐயோ, நோவு இல்லன்னு கண்டுபிடிச்சு மருந்து தராம வெரட்டிருவீகன்னு..."

முப்பத்து மூன்று வருஷத்துப் பழக்கத்தில் சந்தனம்மாளின் கை தானாக வேலையில் இறங்கியது. தலையைத் தூக்கிப் பிடித்து, மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கவைத்தார். மாரிக்கண்ணனை 108-க்குப் பேசச்சொன்னார். ஆம்புலன்ஸ் நரிக்குடியில் எதிரே வந்து நிற்கும் என்றார்கள். இரண்டு பேராகத் தூக்கிக் காரில் கிடத்தினார்கள். இருளப்பசாமி காருக்கும் ஆட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏறு மாமா. ஆட்ட நான் பாத்துக்கிறேன்" என்றார் பாய். பிறகு, ஆட்டு வியாபாரியிடமே ஆட்டை விட்டுவிட்டுப் போகிறவரின் முகத்தைப் பார்த்து, "எண்ணி வச்சுக்கிட்டே போ. ஒண்ணும் கொறயாது" என்றார்.

கார் குலுங்கிய ஒவ்வொரு தடவையும் ஒச்சம்மாளின் மூச்சு நின்று நின்று வந்தது. சந்தனம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நாடியிலிருந்து விரலை எடுக்காமல் வந்தார். முன் சீட்டிலிருந்து இருளப்பசாமி திரும்பிப் பார்த்தார்.

"பொழச்சிருவாளா தாயி?"

எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். அத்தனை பேருக்கும் கணீரென்று பதில் சொன்ன வாய்தான்.

"தெரியலய்யா. எனக்குப் பயமா இருக்கு" என்றார் சந்தனம்மாள்.

நரிக்குடியில் ஆக்ஸிஜன் ஏற்றி, கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. வார்டில் இருந்தவர் டாக்டர் ராஜகுரு. சந்தனம்மாளிடம் படித்து, ஒருதடவை வார்டுக்கு வெளியேயும் நின்று, இப்போது அவர் கீழேயே வேலை பார்ப்பவர். ஒச்சம்மாள் முகத்தில் காற்றை அழுத்தித் தருகிற முகமூடியை மாட்டினார்கள். ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏறியது. படம் எடுத்தால் இரண்டு நுரையீரலும் பஞ்சு அடைத்தது மாதிரி வெளுத்திருந்தன.

ராஜகுரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார். "எட்டு நாள் மேடம். நடுவுல ஏதோ ஒரு டாக்டர் வெறும் காச்சல் மாத்திர குடுத்து அனுப்பியிருக்கான். இத விட்டது யாரு மேடம்?"

"நான்தான்" என்றார் சந்தனம்மாள்.

ராஜகுருவுக்கு முகம் செத்துப்போனது. சந்தனம்மாள் அவரைத் தேற்றவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. வெளியே வந்து, பெஞ்சில் இருளப்பசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பு எம்மேலதான் தாயி. பொய் சொல்லிட்டேன்" என்றார் அவர்.

"அந்தப் பலகைய எழுதி மாட்டுனது நாந்தான்யா."

அந்த வாரம் சந்தனம்மாள் வகுப்பு எடுத்தார், வார்டு பார்த்தார், எல்லாம் செய்தார். ஆனால் யாரையும் வெளியே நிறுத்தவில்லை. காலையில் எழுந்ததும் போன். கல்லூரிக்குப் போனதும் முதலில் ஒச்சம்மாள் படுக்கை. செவ்வாய்க்கிழமை ரத்த அழுத்தம் கீழே போனது. இனி அவ்வளவுதான் என்றே நினைத்தார். புதன்கிழமை சிறுநீர் நின்றது. வியாழக்கிழமை கொஞ்சம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் முகமூடியைக் கழற்றினார்கள். ஒச்சம்மாள் பெரிய டாக்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாக்கு வறண்டு கிடக்கிறது, கொஞ்சம் நீச்சத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டாள். பிழைத்துக்கொண்டாள். இருளப்பசாமி சந்தனம்மாளின் காலில் விழப்போனார். அவர் நாலடி பின்னால் நகர்ந்துகொண்டார். கும்பிடுகிற கையைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருச்சுழி கிளினிக்கில் எட்டு மணிக்கே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சரஸ்வதி சீட்டுக் கொடுத்து முடித்திருந்தாள். சந்தனம்மாள் உள்ளறைக்குப் போகாமல் நடுக்கூடத்தில் நின்றார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். யாரையோ திட்டப்போகிறார் என்றுதான் அவர்கள் நினைப்பு.

"ஒண்ணு கேக்கணும். வைய மாட்டேன், மருந்து இல்லன்னு சொல்ல மாட்டேன். நோவு ஒங்களுக்கா, இல்ல வீட்ல கெடக்குறவுகளுக்கா? வீட்ல கெடக்குறவுகளுக்காக வந்தவுக கையத் தூக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தனம்மாளுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. அது ஒரே ஒருத்தர் செய்த காரியம்தான் போலிருக்கிறது.

அப்போது சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து அவளுக்குப் பின்னால் இருந்த கிழவர் தூக்கினார். வாசல்படியில் நின்ற ஒருவர். ஜன்னலோரம் இரண்டு பேர். மாதாமாதம் வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி, நாலு வருஷமாக மாத்திரை வாங்கிப்போகிற தங்கச்செல்வி. சந்தனம்மாளுக்கு அவளை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவள் நெஞ்சில் ஒரு குறையும் கேட்காததால் நிம்மதியாக அனுப்பிவைத்திருக்கிறார். அவள் கையும் மேலே இருந்தது.

பதினாலு வரைக்கும் எண்ணினார். கைகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. பத்தொன்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அவர் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன. காய்ச்சல் இல்லாத காய்ச்சல்காரர்கள், நாடி நன்றாக ஓடிய நோயாளிகள், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று தான் சிரித்து அனுப்பிய அத்தனை பேர். அவர்கள் மாத்திரையை யாருக்குக் கொண்டுபோனார்கள்? அந்த யாரோ என்ன ஆனார்கள்? இத்தனை வருஷமும் தான் பயந்ததெல்லாம் எதிரே வந்து உட்கார்ந்தவர்களுக்காகத்தான். எதிரே வராதவர்களை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

சந்தனம்மாள் முதலில் கை தூக்கிய பெண்ணுக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"வீட்ல யாரும்மா கெடக்கா?"

"மகன் தாயி. நாலு நாளாக் கண்ணு முழிக்கல."

"எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே சந்தனம்மாள் வாசலைப் பார்த்தார். மாரிக்கண்ணன் ஏற்கெனவே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.